ஒரே வீட்டில் இரண்டு ஓட்டு

அமெரிக்க மலைநாட்டில் இருக்கும் எல்டன் மில்ஸ் ஊர் மன்றத்தில் ஆர்டித் பெல்க்கி வாயைத் திறந்தால் மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். பாலம் பழுதானாலும் சரி, குப்பை லாரி வராமல் போனாலும் சரி, அவள் சொல்லி முடிக்காமல் பேச்சு நகராது. இந்த ஆர்டித் ஐம்பத்தாறு வயது வரைக்கும் ஊர்க்கூட்டத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை என்று சொன்னால், பின்னால் குடிவந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அது உண்மை. அதுவரைக்கும் அவளுக்கு ஊர்க்கூட்டம் என்றால் சமையலறை ஜன்னல்தான்.

ஊர் மண்டபத்தின் பின்பக்கம் சமையலறை. பரிமாறுவதற்காகச் சுவரில் ஒரு அகலமான ஜன்னல் வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊரே மண்டபத்தில் கூடி ரோட்டுக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு என்று சண்டை போடும்போது, உள்ளே பீன்ஸ் வெந்துகொண்டிருக்கும். ஓட்டுக்குக் கை தூக்கச் சொன்னால் சமையல்காரப் பெண்கள் ஜன்னலுக்கு வந்து, மாவு ஒட்டிய கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுப்புக்குத் திரும்பிவிடுவார்கள். வருஷக்கணக்காக ஆர்டித் அப்படித்தான் ஓட்டுப் போட்டாள்.

கருங்கல் குவாரித் தொழிலாளியின் ஒன்பது பிள்ளைகளில் அவள் ஏழாவது. சாப்பாட்டு மேஜையில் பேசுகிற முறை அவளுக்கு வருவதற்குள் ரொட்டி தீர்ந்திருக்கும். அதனால் பேசுவதை விட்டுவிட்டுச் சாப்பிடக் கற்றுக்கொண்டாள். கல்யாணம் பண்ணிக்கொண்ட மெர்ல் பெல்க்கியும் வாயாடி இல்லை. மாட்டுப்பண்ணை வைத்திருந்தான். பால் கட்டுப்படியாகாமல் போனதும் மாடுகளை விற்றுவிட்டு, மேப்பிள் தோப்பையும் விறகையும் வைத்துக் காலம் தள்ளினான். ஆர்டித் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனாள். பேசாதவள் என்பதால் சாது என்று நினைத்துவிடக் கூடாது. பஸ்ஸில் பின்வரிசையில் கலாட்டா நடந்தால் கண்ணாடியில் பார்த்து ஒரு முறை தொண்டையைக் கனைப்பாள். பையன்கள் அப்படியே அடங்கி உட்கார்ந்துவிடுவார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள், ஜோலின். நர்சிங் படிக்க உதவித்தொகை கிடைக்கும் என்று நேஷனல் கார்டு என்கிற மாநிலத் துணைப்படையில் சேர்ந்தாள். வெள்ளம் வந்தால் மணல் மூட்டை அடுக்கவும், பனிப்புயலில் சிக்கியவர்களை மீட்கவும் கூப்பிடுவார்கள் என்றுதான் நினைத்தாள். கூப்பிட்டது ஈராக்குக்கு. அங்கே எண்ணெய் லாரி ஓட்டினாள். 2007 மார்ச்சில் திரும்ப வேண்டியவள். ஆர்டித் அவளுடைய அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு நிறத்தில் வர்ணம்கூட அடித்து வைத்திருந்தாள்.

ஜனவரியில் ஜனாதிபதி தொலைக்காட்சியில் வந்து இன்னும் படைகளை அனுப்பப் போவதாகச் சொன்னார். கொஞ்ச நாளில், ஜோலினின் பிரிவு கோடை வரைக்கும் அங்கேயே இருக்கும் என்று செய்தி வந்தது. அன்றைக்கு ஆர்டித் பஸ்ஸைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, என்ஜினை அணைக்காமல் ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரத்தில்தான் டெலிபோன் வந்தது. சாயங்காலச் சாப்பாட்டு வேளை. மெர்ல் எடுத்தான்.

"ஆமா... ஆமா, இந்த வீட்டுக்காரன்தான்... என்ன? போரா?" கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். "ஜனாதிபதிதான். வேற யாரு? அதுக்குத்தானே அவர ஒக்கார வச்சிருக்கோம். காங்கிரஸ் சபைல ஓட்டு வாங்கி ஒக்காந்திருக்கற மெம்பருங்க கையில குடுத்தா முடிஞ்சாப்லதான்... சரி, சரி. நல்லதும்மா."

போனை வைத்துவிட்டு வந்து உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டான்.

"யாரு?" என்றாள் ஆர்டித்.

"மக்கள்கிட்டக் கருத்துக் கேக்கறாங்களாம். போர் எப்படிப் போகணும்னு யாரு முடிவு பண்ணணும்? ஜனாதிபதியா, காங்கிரஸ் சபையான்னு கேட்டுது ஒரு பொண்ணு. பாவம், தொண்டை கட்டிப் போயிருந்தது அதுக்கு."

"நீ ஜனாதிபதின்ன."

"ஆமா."

"என்னைய ஏன் கூப்பிடல?"

மெர்ல் முள்கரண்டியை நிறுத்தினான். "ஒரு வீட்டுக்கு ஒரு ஆள்தானாம் ஆர்டித். அதுங்க வழக்கம் அது."

"அப்ப இந்த வீட்டுக் கணக்கு உன் கணக்குதானா?"

"நீ என்ன சொல்லியிருப்ப?"

அவளுக்கே அதுவரை தெரியாது. வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. "காங்கிரஸ்னு சொல்லியிருப்பேன். ஒத்த ஆளு நெனச்சா எம்பொண்ணு வர்ற தேதிய மாத்திடலாம்னா, அது தப்பு. எழுந்து நின்னு, பேர் சொல்லி, ஆமாம் இல்லன்னு ஓட்டுப் போட்டுட்டு மாத்தட்டும். அப்பறம் அந்த முகத்தோட ஊருக்கு வரட்டும்."

"ஆர்டித், ஐநூறு பேர் சேந்து ஸ்டியரிங்கப் பிடிச்சா வண்டி பள்ளத்துலதான் போகும். என் அண்ணன் வியட்நாம்ல இருந்தப்ப பாத்தோமே. இங்க இவங்க கூடிக்கூடிப் பேசினாங்க, அங்க அவன் சேத்துல கெடந்தான். அடிக்கவும் விடல, திரும்பவும் விடல. போர்னு வந்துட்டா ஒருத்தன் சொல்லணும், மத்தவன் கேக்கணும்."

மெர்லின் அண்ணன் கார்டன் அந்தப் போரிலிருந்து பெட்டியில்தான் திரும்பினான். அந்தப் பேச்சு வந்துவிட்டால் அவர்கள் வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசுவதில்லை. ஆனால் அன்றைக்கு ஆர்டித் பாத்திரம் கழுவியபோது எழுந்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

பிப்ரவரியில் மிரியம் ஆஸ்லர் என்ற பெண் வீடு வீடாக ஒரு மனுவோடு வந்தாள். நியூயார்க்கில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்று, ஆற்றோரத்தில் பழைய மில் வீட்டை வாங்கிக் குடிவந்தவள். வந்து பன்னிரண்டு வருஷமாகியும் ஊர்க்காரர்களுக்கு அவள் மலை ஏறி வந்த வெளியாள், 'சமவெளிக்காரி'தான். ஊர்க்கூட்டத்தில் போரைப் பற்றி ஒரு தீர்மானம் வைக்க வேண்டும் என்பது அவள் மனு. அதற்கு ஊர் வாக்காளர்களில் குறிப்பிட்ட அளவு பேராவது கையெழுத்துப் போட வேண்டும்.

பெல்க்கி வீட்டுக் கதவைத் தட்டும்போதே மிரியத்துக்குத் தயக்கம். ஜோலினின் படம் சீருடையோடு ஜன்னலில் இருந்தது.

"உங்க வீட்டுக்கு வரலாமா கூடாதான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்," என்றாள்.

"வந்துட்டீங்க இல்ல, உள்ள வாங்க. குளிரு உள்ள வருது," என்றாள் ஆர்டித். மனுவை வாங்கி இரண்டு தரம் படித்தாள். அதில் மூன்று விஷயம் இருந்தது. படைகளை உடனே திருப்பி அழைக்க வேண்டும் என்பது ஒன்று. ஜனாதிபதி நாட்டை ஏமாற்றினார் என்பது ஒன்று. போரின் போக்கைக் காங்கிரஸ் சபை தீர்மானிக்க வேண்டும் என்பது கடைசி.

"மூணுல ரெண்டு எனக்கு ஒத்து வரல. கடைசிது மட்டும் எம்மனசுல இருக்கறது."

"அப்ப போட மாட்டீங்களா?"

"போடறேன். பேசறதுக்குத்தானே கையெழுத்து. எது வேணும் எது வேண்டாம்னு அங்க பேசிக்கலாம்."

ஆர்டித் கையெழுத்துப் போட்ட செய்தி அவள் பஸ்ஸை விட வேகமாக ஊரைச் சுற்றியது. மறுநாளே ஹார்லன் கூம்ஸ் மெர்லைத் தேடி மேப்பிள் தோப்புக்கு வந்தான். ஹார்லன், ரோட்டில் பனி தள்ளிச் சமன்படுத்தும் ஊரின் ரோட்டு வண்டியை ஓட்டுகிறவன். வியட்நாமில் மெர்லின் அண்ணனோடு ஒரே படையில் இருந்தவன். மெர்லுக்கு அவன் அண்ணன் மாதிரி.

"வீட்டுல யாருப்பா ராஜாங்கம்?" என்று ஆரம்பித்தான் ஹார்லன். "உம்பொண்டாட்டி அந்த நியூயார்க் டீச்சரம்மா பின்னாடி கொடி பிடிச்சுக்கிட்டுப் போறாளாம்."

மெர்ல் மேப்பிள் மரத்தில் நீர் வடிய வாளியை மாட்டிக்கொண்டே, "அவ யாரு பின்னாடியும் போக மாட்டா. முப்பத்தஞ்சு வருஷமா எம்பின்னாடியே வரல," என்றான்.

ஹார்லன் சிரித்துவிட்டான். ஆனால் மெர்ல் சிரிக்கவில்லை. கடையில், தபால் நிலையத்தில், எங்கே போனாலும் ஒரு முணுமுணுப்பு. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு இங்கே இவள் காலை வாருகிறாள் என்று ஒரு சாரார். பெற்றவளுக்குத்தானே தெரியும் என்று ஒரு சாரார். ஒரு தகப்பன் பஸ் நிறுத்தத்தில் தன் பிள்ளைகளை ஏற்றிவிட்டு, வழக்கமாகத் தூக்குகிற கையைத் தூக்காமல் திரும்பிக்கொண்டான். அன்றைக்குப் பின்வரிசையில் கலாட்டா நடந்தும் ஆர்டித் கனைக்கவே இல்லை.

வீட்டில் சண்டை இல்லை. அது இருந்திருந்தால் தேவலை. உப்பை எடு, கதவைச் சாத்து என்கிற அளவில் பேச்சு நின்றிருந்தது. பகலில் வெயிலும் ராத்திரியில் உறைபனியுமாக மேப்பிள் நீர் ஊற ஆரம்பித்திருந்தது. மெர்ல் கொட்டகையிலேயே கிடந்து, நம் ஊரில் பதநீர் காய்ச்சுவது போல அதைப் பாகாகக் காய்ச்சிக்கொண்டிருந்தான். ஆர்டித் சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவாள்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மெர்ல் வீட்டுக்குச் சாப்பிட வந்த நேரத்தில் ஜோலினின் போன் வந்தது. மெர்ல்தான் எடுத்தான்.

"அப்பா! பாகு காய்ச்சியாச்சா?"

"நடக்குது. இந்த வருஷம் நல்ல நிறம். நீ எப்படி இருக்க?"

"தூசி தின்னுக்கிட்டு இருக்கேன். வேற ஒண்ணுமில்ல."

மெர்ல் கொஞ்சம் தயங்கினான். "ஜோ, நாள் தள்ளிப் போட்டாங்களே, உங்களக் கூப்பிட்டு வச்சு என்ன ஏதுன்னு சொன்னாங்களா?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "சாப்பாட்டுக் கூடத்துல டி.வி. ஓடிக்கிட்டிருந்துது அப்பா. அதுல பாத்தோம். எங்க கேப்டனும் எங்கூடத்தான் பாத்தாரு. கையில தட்டோட நின்னுட்டாரு பாவம். மறுநாள்தான் உத்தரவு வந்துது."

மெர்ல் போனைக் காதிலிருந்து இறக்கினான். அவன் முகத்தைப் பார்த்து ஆர்டித் போனை வாங்கிக்கொண்டாள். ஊரில் நடப்பதை மகளிடம் சொல்வதா வேண்டாமா என்று இத்தனை நாள் குழம்பியவள், அப்போது பளிச்சென்று சொல்லிவிட்டாள்: கையெழுத்துப் போட்டதை, அப்பா எதிர்ப்பதை, ஊர் பேசுவதை.

"உனக்கு இதனால அங்க ஏதாவது சங்கடம் வருமாடி?"

"எனக்கென்ன சங்கடம்? இங்க லாரியில தெனம் இதே சண்டைதான். என் ஜோடி டிரைவர் அப்பா கட்சி. நான் ரெண்டுங்கெட்டான். பேசுங்கம்மா. நாங்க இருக்கற எடத்துல இத வாய்விட்டுப் பேச முடியாது. உங்களால முடியும் இல்ல?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாவ ரொம்ப நோகடிச்சுடாத," என்றாள்.

செவ்வாய்க்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. எப்போதும் வராதவர்கள்கூட வந்திருந்தார்கள். கூட்டத் தலைவர் எவரெட் ஸ்டானார்டு, மெலிந்த மனிதர். கையில் மரச்சுத்தியல். காலை முழுக்க ரோட்டு வண்டி வாங்குகிற விஷயத்திலேயே போயிற்று. மத்தியானம் பீன்ஸும் பன்றித்தொடையும் மேப்பிள் பாகில் சுட்ட இனிப்பு அப்பமும் சாப்பிட்டார்கள். போரைப் பற்றிய தீர்மானம் கடைசியாக வந்தபோது ஆர்டித் சமையலறையில் பெரிய தேக்சாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மிரியம் எழுந்து படித்தாள். அவள் உட்காருவதற்குள் ஹார்லன் எழுந்துவிட்டான்.

"அவைத்தலைவரே, இது ஊர்க்கூட்டம். மதகு, ரோடு, பள்ளிக்கூடம் பேசற எடம். பாக்தாத் நம்ம ஊர் எல்லைக்குள்ள இருக்கா? போர எப்படி நடத்தணும்னு சொல்றதுக்கு நமக்கு என்ன தெரியும்? இத எடுத்துக்காமலே தள்ளி வச்சுட்டு வீட்டுக்குப் போவோம்னு நான் சொல்றேன்."

பலமான கைதட்டல். ஆமோதிக்க இரண்டு மூன்று குரல் வந்தது. எவரெட் சுத்தியலைத் தூக்கினார்.

ஆர்டித் எப்போது தேக்சாவைக் கீழே வைத்தாள், எப்போது கதவைத் திறந்துகொண்டு மண்டபத்துக்குள் வந்தாள் என்று அவளுக்கே பிறகு ஞாபகமில்லை. சமையல் மேலங்கி முழுக்க சோப்பு நுரை. ஜன்னலில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பேசணும்," என்றாள்.

"பேரச் சொல்லுங்க," என்றார் எவரெட். அது விதி, சொந்தத் தாயாக இருந்தாலும் கேட்பார்.

"ஆர்டித் பெல்க்கி. உங்க பேரப்பிள்ளைங்கள பஸ்ல கூட்டிட்டுப் போறவ."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில்தான் அவளுக்கு மூச்சு வந்தது.

"எனக்குப் போர் பத்தித் தெரியாது. ஹார்லனுக்குத் தெரியும், அவரு போய் வந்தவரு. எனக்குத் தெரிஞ்சது வண்டி ஓட்டறது. ஐநூறு பேர் ஸ்டியரிங்கப் பிடிச்சா வண்டி பள்ளத்துல போகும்னு எங்க வீட்டுல ஒருத்தர் சொன்னாரு."

எல்லாத் தலையும் மெர்ல் பக்கம் திரும்பியது. மெர்ல் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது நெசம். ஸ்டியரிங் எங்கையிலதான். ஆனா பஸ் எந்த ஊருக்குப் போகணும், எந்தத் தெரு வழியாப் போகணும்னு நானா முடிவு பண்றேன்? பள்ளிக்கூட வாரியம் பண்ணுது. அவங்கள நீங்க ஓட்டுப் போட்டு வைக்கறீங்க. பிடிக்கலன்னா அடுத்த மார்ச்சுல தூக்கறீங்க. நான் பாட்டுக்கு ஒருநாள் உங்க பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு வேற ஊருக்கு ஓட்டிட்டுப் போனா சும்மா இருப்பீங்களா?"

ஹார்லன் விடவில்லை. "ஏம்மா, ரோட்டுல பனி உறைஞ்சிருந்தா என்ன பண்ணுவ? வாரியத்தக் கூட்டி ஓட்டெடுத்துட்டா பிரேக் போடுவ?"

மண்டபம் குபீரென்று சிரித்தது. ஆர்டித்தும் சிரித்தாள்.

"போட மாட்டேன் ஹார்லன். பிரேக் போட யாரையும் கேக்க மாட்டேன். அந்த உரிமை டிரைவருக்கு வேணும், நான் இல்லங்கல. ஆனா அன்னிக்கு சாயங்காலமே வாரியத்துக்குச் சொல்லணும்: இந்த மாதிரி நின்னேன், இதுக்காக நின்னேன், நாளைக்கு எந்த வழி போகட்டும்? நாலு வருஷமாச்சு. அந்தச் சாயங்காலம் இன்னும் வரல."

அவள் உட்கார இடம் தேடினாள். யாரோ ஒரு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்கள். ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டாள்.

அப்போது மெர்ல் எழுந்தான்.

"மெர்ல் பெல்க்கி. மேட்டு ரோடு." தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தான். "நான் சுருக்கமாச் சொல்லிடறேன். எம்பொண்டாட்டி சொன்னது எனக்கு ஒப்புதல் இல்ல. போர்க்காலத்துல ஒரு கை போதும்னு நெனைக்கறவன் நான். ஓட்டு வந்தா எதிராத்தான் போடுவேன்."

ஹார்லன் தலையாட்டினான்.

"ஆனா இதத் தள்ளி வைக்கறதுக்கு நான் சம்மதிக்க மாட்டேன். எம்பொண்ணு ஊருக்கு வர்ற நாள் தள்ளிப் போனது, அவளுக்கே டி.வி.யில பாத்துத்தான் தெரிஞ்சுது. இந்தப் போரப் பத்தி நாலு வருஷத்துல என்னைய ஒரே ஒரு ஆள்தான் கேட்டுது. டெலிபோன்ல, முகம் தெரியாத ஒரு பொண்ணு. பொறந்ததுலேர்ந்து பழகின நீங்க ஒருத்தரும் என்னக் கேக்கல. நானும் உங்கள யாரையும் கேக்கல. எம்பொண்டாட்டியையே கேக்கல. அது சரியில்ல. கேளுங்க. ஓட்டெடுங்க. நான் தோத்தாலும் பரவால்ல."

ஆர்டித் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்துவிட்டான். காது மட்டும் சிவந்திருந்தது.

தள்ளி வைக்கும் யோசனை தோற்றது. அதற்கப்புறம் ஊர் பேசியது பாருங்கள், அதுதான் பேச்சு. உரக்கடைக்காரர் பேசினார். பாதிரியார் பேசினார். பேசவே தெரியாது என்று பேர் எடுத்தவர்கள் பேசினார்கள். தளபதிகள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார் ஒருவர். சண்டைக்குப் போகிறவர்களின் அம்மாக்கள் முடிவு செய்யட்டும் என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தம் கூடும்போதெல்லாம் எவரெட் சுத்தியலைத் தட்டினார்.

கடைசியில் ஹார்லன் மறுபடியும் எழுந்தான். தோற்ற முகம் இல்லை, யோசித்த முகம்.

"நான் ஒண்ணு சொல்றேன். இந்தத் தீர்மானம் மூணு கால் முக்காலி மாதிரி இருக்கு, மூணும் மூணு உயரம். உடனே திரும்பி வான்னு சொல்றதுக்கு நம்மள்ல யாருக்கும் அங்க நெலவரம் தெரியாது. ஏமாத்தினாரு, பொய் சொன்னாருங்கறது கோர்ட்டு வேல. அது ரெண்டையும் வெட்டுங்க. போர் தொடரணுமா வேண்டாமான்னு காங்கிரஸ் சபை வெளிப்படையாப் பேசி, ஒவ்வொருத்தரும் பேர் சொல்லி ஓட்டுப் போட்டு முடிவு பண்ணணும், அத ஜனாதிபதி நடத்தணும். இத மட்டும் வச்சா நானும் போடறேன். அன்னிக்கு எங்களுக்கு அத யாராவது செஞ்சிருந்தா கார்டன் பெல்க்கி..." அவன் முடிக்கவில்லை. உட்கார்ந்துவிட்டான்.

மிரியத்தைப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் வாடியிருந்தது. வாரக்கணக்கில் பனியில் நடந்து சேர்த்த மனுவில் முக்கால்வாசி வெட்டுப்படுகிறது. ஆர்டித் அவளைப் பார்த்துத் தோளை லேசாகக் குலுக்கினாள். மிரியம் பெருமூச்சு விட்டு, "கணக்கு டீச்சர் நான். பூஜ்யத்துக்கு ஒண்ணு மேல்தான். எடுத்துக்கறேன்," என்றாள். அன்றைக்குத்தான் ஊர் முதல் முறையாக அவளுக்குக் கை தட்டியது.

ரகசிய ஓட்டு வேண்டும் என்று கேட்டதால் சீட்டுக் கொடுத்து, மரப்பெட்டியில் போடச் சொன்னார்கள். எண்ணுவதற்கு இரண்டு பேர் வேண்டும். எவரெட் கண்ணாடிக்கு மேலாக மண்டபத்தைப் பார்த்தார்.

"மிரியம் ஒருத்தர். இன்னொருத்தர் மெர்ல். ஆட்சேபணை இருக்கா?"

ஒருவருக்கும் இல்லை. எதிராக ஓட்டுப் போடுவேன் என்று சொன்னவனையே எண்ண விட்டார்கள். மேடையோரத்து மேஜையில் மெர்லும் மிரியமும் தலையோடு தலை ஒட்டிச் சீட்டுகளைப் பிரித்தார்கள். மெர்ல் ஒவ்வொன்றையும் இரண்டு முறை எண்ணினான். பிறகு எழுந்து, பதினேழு ஓட்டு வித்தியாசத்தில் தான் தோற்றதைத் தானே அறிவித்தான்.

"தீர்மானம் நிறைவேறுது," என்றான். "கணக்கு சரியா இருக்கு. நானே பாத்தேன்."

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் சேறு கணுக்கால் வரைக்கும் ஏறியது. ஆர்டித் பக்கத்தில் வந்து நின்ற மெர்ல், "சோப்பு காயலையே இன்னும்," என்று அவள் மேலங்கியைக் காட்டினான்.

"கார்டனப் பத்தி ஹார்லன் சொன்னதும் உனக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"தெரியல ஆர்டித். நான் நெனச்சிருந்தது வேற. அவன் அங்க இருந்தவன், அவன் வேற சொல்றான். நான் இன்னும் யோசிக்கணும்." கார் கதவைத் திறந்துவிட்டான். "நீ நல்லாப் பேசின. நான் சொன்னத எனக்கே திருப்பிப் போட்டது மட்டும் அநியாயம்."

எல்டன் மில்ஸ் சொன்னதைக் கேட்டு வாஷிங்டன் மாறிவிடவில்லை. அந்த மார்ச்சில் மலைநாட்டு ஊர்கள் பலவற்றில் போரைப் பற்றிப் பேச்சு நடந்தது. பத்திரிகைகளில் ஒரு மூலையில் போட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் ஏப்ரல் கடைசியில் கையைத் தூக்கினான், ஆர்டித்தும் தூக்கினாள். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஹார்லன் மட்டும் அவளைப் பார்க்கும்போதெல்லாம், "பிரேக் வேல செய்யுதாம்மா?" என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டான். அடுத்த வருஷம் ஊர் மன்றத்துக்கு அவள் பெயரை முன்மொழிந்தது அவன்தான்.

அதற்கு முன்னால், ஜூலையில், ஜோலின் வந்தாள். படைக்கூடத்தில் பேண்டு வாத்தியம், கொடிகள், அழுகை, பூங்கொத்து. மெர்ல் மகளை அணைத்தபோது அவள் தொப்பி கீழே விழுந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. ஆர்டித்தான் எடுத்து வைத்துக்கொண்டாள். மகள் இளைத்திருந்தாள், கறுத்திருந்தாள், இடது கையில் ஒரு தழும்பு இருந்தது. லாரிக் கதவு என்றாள். அதற்கு மேல் அவர்கள் கேட்கவில்லை. அவளாகச் சொல்கிறபோது சொல்லட்டும்.

திரும்பும் வழியில் அவள் பின்சீட்டில் படுத்தவள் பட்டென்று தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, சின்னப் பிள்ளையில் பஸ்ஸில் தூங்குவது போல. மெர்ல் காரை ஓட்டினான். ரேடியோவில் காங்கிரஸ் சபையில் போரைப் பற்றி நடந்த ஓட்டெடுப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் சத்தத்தைக் குறைத்தான்.

"பாத்தியா," என்று கிசுகிசுத்தான். "விடிய விடியப் பேசிட்டு ஒண்ணும் முடிவுக்கு வரல. இவங்ககிட்டயா குடுக்கணும்ங்கற?"

"பேசறாங்க இல்ல," என்று அவளும் கிசுகிசுத்தாள். "யாரு எப்படிப் போட்டாங்கன்னு பேர் தெரியுது இல்ல? மறுபடி நிக்கும்போது ஊருக்கு வந்து சொல்லட்டும்."

"ஆகற கத இல்ல."

"ஆகும். ரோட்டப் பாத்து ஓட்டு."

"நான் பாத்துத்தான் ஓட்டறேன். நீ வாயால ஓட்டாத."

மலைச்சாலையில் கார் ஏற ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் மேப்பிள் மரங்கள் பச்சையாக அடர்ந்து நின்றன. பின்சீட்டிலிருந்து, கண்ணைத் திறக்காமல், ஜோலின் சொன்னாள்:

"ரெண்டு பேரும் சத்தமாவே பேசுங்க. எனக்கு நல்லாத் தூக்கம் வருது."